ஜன்னலில் தொங்கும் பயம்

கிரகப்பிரவேசம் முடிந்தது. பால் பொங்கியது. சொந்தக்காரர்கள் எல்லாம் வயிறாரச் சாப்பிட்டு, 'ஹால் இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்' என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுக் கிளம்பியாச்சு. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் கூடும் முதல் பஞ்சாயத்து என்ன தெரியுமா?

'ஜன்னலுக்கு என்ன பண்றது?'

டைல்ஸ், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் கடன் வாங்கிக் கணக்கு எழுதியவர்கள், ஸ்கிரீன் துணிக்கு மட்டும் ஒரு வரி ஒதுக்கியிருக்க மாட்டார்கள். லைட்டைப் போட்டால் எதிர் வீட்டுக்காரருக்கு நம்ம ஹால் இலவச சினிமா. வேறு வழி? அம்மாவின் பழைய நூல் புடவை, இரண்டு ஆணி, ஒரு முழம் சணல். சமையலறை ஜன்னலுக்குப் பசை காய்ச்சி ஒட்டிய பழைய தினசரி. 'அடுத்த மாசம் நல்லதா வாங்கிக்கலாம்' என்பார்கள். அந்த அடுத்த மாசம், அடுத்த பொங்கல் வரைக்கும் வராது.

செஞ்சிப் பக்கம் அனந்தபுரம் மாதிரியான சின்ன ஊர்களில் புதிதாக எழும்பும் தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு ஜன்னலில் லுங்கி, ஒன்றில் பிரித்துக் கட்டிய சிமென்ட் சாக்கு, இன்னொன்றில் போர்வை. மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் வெளியே ஒரு கீற்றுத் தட்டியும் சாய்த்து வைத்திருப்பார்கள்.

சிரிக்காதீர்கள். இந்த அவசர மறைப்புக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. அழகுக்காகப் போடும் திரைச்சீலை வீட்டுக்காரரின் வசதியைத்தான் காட்டும். அவசரத்துக்குக் கட்டும் மறைப்போ அவருடைய பயத்தைக் காட்டிவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னலில் முதலில் எதைத் தொங்கவிட்டார்கள் என்று தெரிந்தால், அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று சொல்லிவிடலாம். தப்பான விஷயத்துக்குப் பயந்து, உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தக் கதை செஞ்சியிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால்...

ஜன்னல் என்கிற சொல்லே நம்முடையது இல்லை. 'ஜனேலா' என்ற போர்ச்சுகீசியச் சொல் கப்பலேறி வந்து 'ஜன்னல்' ஆனது. அதற்கு முன்னால் நம்மிடம் ஜன்னலே இல்லையா என்றால், பேஷாக இருந்தது. அதன் பெயர் 'காலதர்'. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி! சிலப்பதிகாரத்தில், மானின் கண் மாதிரி அமைத்த காலதர்களோடு மாளிகைகள் வருகின்றன. இதில் இன்னொரு ஆச்சரியம். எங்கோ பனியில் கிடந்த வட ஐரோப்பியர்களின் பழைய நார்ஸ் மொழியில் ஜன்னலுக்கு 'விந்தௌக' என்று பெயர். 'காற்றின் கண்' என்று அர்த்தம். இங்கிலீஷ் 'விண்டோ' அதிலிருந்து பிறந்ததுதான்.

ஆக, தமிழனும் வடதுருவத்துப் பக்கத்துக்காரனும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஜன்னல் முதலில் வேடிக்கை பார்க்க இல்லை, காற்றுக்குத்தான். சங்க இலக்கியமான நெடுநல்வாடையில், வேனில் காலத்தில் தென்றலைக் கொண்டுவரும் சாளரங்களை, வாடைக் குளிர் வந்ததும் திறக்காமல் தாழ் போட்டு வைத்த காட்சி வருகிறது. தேவையான காற்றுக்குத் திற. வேண்டாத காற்றுக்கு மூடு. ஜன்னல் பற்றிய மனித அறிவு பல நூற்றாண்டுகளுக்கு இவ்வளவுதான்.

பயங்களின் பட்டியலுக்கு வருவோம்.

முதல் பயம், வெயில். இதற்கு நம் ஊர் கண்டுபிடித்த பதில், தட்டி. மூங்கில், கீற்று, பனையோலை, கோரை என்று கையில் கிடைத்ததில் எல்லாம் தட்டி கட்டினோம். அதில் ராஜா, வெட்டிவேர்த் தட்டி. வேரை மூங்கில் சட்டத்தில் அடுக்கிக் கட்டி, காற்று வரும் பக்கம் வாசலிலோ ஜன்னலிலோ நிறுத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால், சூடாக வந்த காற்று குளிர்ந்து மணத்தோடு உள்ளே நுழையும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே, அதே சூத்திரம். அக்பரின் அரண்மனை வழக்கங்களை எழுதிய அபுல் ஃபஸல், இந்த வேர்த் தட்டி அறையைப் பற்றி 'அயினி அக்பரி'யில் தனியாகவே சொல்லியிருக்கிறார்.

பிற்பாடு வந்த வெள்ளைக்காரர்கள் பங்களா எடுத்துக் குடிவந்ததும், கத்திரி வெயிலில் முதலில் தேடியது இந்தத் தட்டியைத்தான். 'டாட்டி' என்று அவர்கள் அகராதியிலேயே ஏற்றிக்கொண்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கக் கூலிக்கு ஆள் போட்டார்கள். வறண்ட காற்றில் வித்தை நன்றாகப் பலிக்கும். கடலோரப் புழுக்கத்தில் பாதிதான் பலிக்கும். நம் வீட்டு ஏர்கூலரின் பக்கவாட்டில் ஒரு புல் மெத்தை ஈரமாக நிற்கிறதே... அது இந்தத் தட்டியின் பேரப்பிள்ளை. 'வெட்டிவேர்' என்ற தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போய், இன்றைக்கு உலகம் முழுக்க சென்ட் பாட்டில்களில் 'வெட்டிவர்' என்று மணக்கிறது.

இரண்டாவது பயம், வரி. 1696-ல் இங்கிலாந்தில் ஜன்னல் வரி போட்டார்கள். வீட்டில் எத்தனை ஜன்னலோ அதற்கேற்ப வரி. பணக்காரனுக்கு நிறைய ஜன்னல் இருக்கும், எண்ணுவதும் சுலபம் என்று கணக்கு. வணிகவியல் படித்த யாரைக் கேட்டாலும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். ஜனங்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்துவிட்டார்கள்! வரி போனதும் திறந்துகொள்ளலாம் என்றுதான் அடைத்திருப்பார்கள். வரி போனது 1851-ல். நூற்று ஐம்பத்தைந்து வருஷம். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கதவையும் சேர்த்து எண்ணியது. 1798-ல் போட்ட அந்த வரியை 1926-ல்தான் எடுத்தது. அடைத்த ஜன்னல்களோடு நிற்கும் பழைய வீடுகளை இங்கிலாந்தில் இன்றும் பார்க்கலாம்.

மூன்றாவது பயம், குண்டு. இது நம் தாத்தா, பாட்டி காலத்துச் சங்கதி. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று கிலி பிடித்து, பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் ரயிலேறி வெளியூர்களுக்கு ஓடின. ஓடாமல் நகரத்தில் தங்கியவர்கள் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். வீட்டு விளக்கின் ஒரு கீற்று வெளியே தெரிந்தாலும் மேலே பறக்கிறவனுக்கு அடையாளம் ஆகிவிடுமே! கடைசியில் 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை.

வெயில், வரி, குண்டு... இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமையைக் கவனித்தீர்களா? மூன்றுமே நிஜமான ஆபத்து. பயந்தவர்கள் சரியான விஷயத்துக்குத்தான் பயந்தார்கள். மறைப்பும் அதற்குப் பொருத்தமாக இருந்தது.

இனி, பயத்தில் தப்புக் கணக்குப் போட்டவர்களின் கதை.

செஞ்சிக் கோட்டையைப் போலக் குடித்தனக்காரர்களை மாற்றிக்கொண்டே இருந்த 'வீடு' தமிழ்நாட்டில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை; மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். நாயக்கர் காலத்தில், 1597-ல் வந்து பார்த்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டுவிட்டால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று மலைத்துப்போனார். 1649-ல் பீஜப்பூர்க்காரர்கள் குடிவந்தார்கள். 1677-ல் சிவாஜி. அவருடைய மகன் ராஜாராம், ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி வந்து இங்கேதான் தங்கினார். அவரைப் பிடிக்க வந்த மொகலாயப் படை 1690-ல் வெளியே கூடாரம் அடித்து உட்கார்ந்தது. எழுந்தபோது 1698!

எட்டு வருஷக் கூடாரம் என்றால், அது கூடாரமா, ஊரா? பிரபுக்களின் கூடாரத்தைச் சுற்றி நிறுத்தும் துணிச் சுவருக்குக் 'கனாத்து' என்று பெயர். மறைத்துத் தொங்கவிடும் துணி, 'பர்தா'. இரண்டு சொல்லையும் தமிழ் வாங்கி வைத்துக்கொண்டது. 'பர்தா'தான் நம் ஊர் 'படுதா'. மழை வந்தால் திண்ணையில் இழுத்துவிடும் படுதாவுக்கும், லாரியில் நெல்மூட்டை மேல் போடும் படுதாவுக்கும் பாரசீகத்தில் வேர் இருக்கிறது.

மொகலாயருக்குப் பிறகு, 1714-ல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி உயிர்விட்ட கதை உங்களுக்கே தெரியும். கோட்டை நவாப் கைக்குப் போனது.

அப்புறம் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள். 1750 செப்டம்பரில், புஸ்ஸி என்ற தளபதி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். எட்டு வருஷம் மொகலாயரைத் தண்ணி காட்டிய கோட்டை ஒரே ராத்திரியில் விழுந்தது என்றதும் புதுச்சேரியில் டூப்ளேவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐரோப்பியச் சிப்பாய்கள் குடியேறினார்கள். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் கோட்டையைக் கொடுக்கும் வரைக்கும், சுமார் பத்து வருஷம் இருந்தார்கள்.

அந்தக் காலத்துப் போர்களை எழுதி வைத்த ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேய வரலாற்று ஆசிரியர் இந்தப் பத்து வருஷத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறார். கர்நாடகப் பிரதேசத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று செஞ்சிக்குப் பெயராம். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு சமயத்தில் 100 ஐரோப்பியருக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் பத்து வருஷத்தில் அவர்கள் பறிகொடுத்ததாகச் சொல்லப்பட்டது 1,200 பேர்.

பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 1,200-ஐப் பத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 120. இருந்ததே 100 பேர்! ஒவ்வொரு வருஷமும் மொத்தப் படையும் செத்து, அதற்குப் பதில் வந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் செத்தால்தான் இந்தக் கணக்கு டேலி ஆகும். பேச்சு வாக்கில் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருந்தாலும்கூட, அந்தக் கோட்டைக்கு மாற்றல் உத்தரவு வந்த ஒரு பிரெஞ்சு இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்?

எதிரியின் பீரங்கி இத்தனை பேரைக் கொல்லவில்லை. உடம்புக்கு வந்ததுதான் கொன்றது. அந்தக் காலத்து வைத்தியர்களைக் கேட்டால் காரணம் தயாராக வைத்திருப்பார்கள். கெட்ட காற்று! சதுப்பிலிருந்தும் குட்டையிலிருந்தும் ராத்திரியில் கிளம்பும் விஷக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று ஐரோப்பா மொத்தமும் நம்பியது. இத்தாலிய மொழியில் கெட்ட காற்று 'மால் ஆரியா'. அதுவே காய்ச்சலின் பெயராகி, மலேரியா ஆனது. எனவே ராத்திரி ஆனால் ஜன்னலை மூடு, இடுக்கில் துணியை அடை. இதுதான் அவர்கள் பார்த்த வைத்தியம்.

இப்போது செஞ்சிக் கோட்டையை மனக்கண்ணில் பாருங்கள். செட்டிக்குளம், சக்கரக்குளம், அகழி, மழை பெய்தால் பாறைக் குழிகளில் எல்லாம் தேங்கும் தண்ணீர். கொசுவுக்கு இதைவிட வசதியான குடியிருப்பைக் கட்டிக் கொடுக்க முடியுமா? அந்தி நேரத்தில் அது உள்ளே வந்த பிறகு ஜன்னலை அடைத்து என்ன பிரயோஜனம்? காற்றைத் தடுத்தார்கள், கொசுவை யாரும் சந்தேகப்படவே இல்லை.

காற்று மேல் போட்ட பொய் வழக்கு இன்னும் நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷம் நடந்தது. தீர்ப்பு வந்தது நம் தேசத்தில்தான். 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றைக் கீறி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மலேரியாக் கிருமி அங்கே உட்கார்ந்திருந்தது. அவருக்கு லண்டனிலிருந்து கடிதம் எழுதி எழுதி உற்சாகப்படுத்தியவர் பேட்ரிக் மேன்சன். யானைக்கால் நோயின் புழுவைக் கொசுவுக்குள் கண்டுபிடித்தவர் அவர்.

ஆனாலும் உலகம் நம்புமா? 'ஒரு கொசு, இத்தனை பேரைக் கொல்லுமா?' என்று சிரித்தார்கள். மேன்சன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புது வீடு கட்டினார்!

மரத்தாலான சின்னக் குடில். இத்தாலியில், ரோமுக்குப் பக்கத்தில், மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில் அதை நிறுத்தினார்கள். ஜன்னல், வாசல் எல்லாவற்றுக்கும் மெல்லிய வலை. 1900-ம் வருஷக் கோடையில், சாம்பன், லோ என்ற இரண்டு டாக்டர்கள் தங்கள் கூட்டாளிகளோடு அதில் குடியேறினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், விடிந்த பிறகுதான் வெளியே. கொயினா மாத்திரை கிடையாது. ஜன்னலை மூடவும் இல்லை. 'ராத்திரிக் காற்று விஷம்' என்கிறார்களே, அந்தக் காற்று வலை வழியாகத் தாராளமாக உள்ளே வரட்டும் என்று விட்டார்கள்.

மலேரியா மாதங்கள் கழிந்தன. சுற்றுவட்டாரத்தில் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. குடிலுக்குள் இருந்த ஒருவருக்கும் வரவில்லை! அதே சமயத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்களை இத்தாலியிலிருந்து லண்டனுக்கு வரவழைத்து, மேன்சன் தன் சொந்த மகனையே கடிக்க வைத்தார். சதுப்பே இல்லாத லண்டனில் பையனுக்கு மலேரியா வந்தது. மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது வேறு விஷயம்.

இங்கே காற்று வந்தது, கொசு வரவில்லை, நோய் இல்லை. அங்கே கொசு வந்தது, கெட்ட காற்று இல்லை, நோய் வந்தது. வழக்கு முடிந்தது. தீர்ப்பை எழுதியது, ஒரு தற்காலிக வீட்டின் ஜன்னலில் அடித்த வலை.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பனாமாவுக்குப் போக வேண்டும். 1881-ல் அங்கே கால்வாய் தோண்ட ஆரம்பித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பாவம், செஞ்சியில் பட்டது போதாதென்று! மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் விபத்துகளிலுமாக இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கு வலை கிடையாது. எறும்பு ஏறக்கூடாது என்று கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். எறும்பு வரவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் கொசுதான் குடும்பம் நடத்தியது. நோயாளி கால் உடைந்து வந்தால் காய்ச்சலில் போனார்.

1904-ல் அமெரிக்கர்கள் வந்தார்கள். அவர்களுடைய சுகாதார அதிகாரி வில்லியம் கோர்காஸ் தேங்கிய தண்ணீரை வடித்தார், எண்ணெய் ஊற்றினார், குடியிருப்புகளின் ஜன்னல்களில் வலை அடித்தார். சில வருஷத்துக்குள் மஞ்சள் காய்ச்சல் அங்கிருந்து ஒழிந்தது. 1914-ல் கால்வாயில் கப்பல் ஓடியது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். புதுமனை என்றால் பக்கத்து மனையிலும் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருக்கும். கான்கிரீட்டுக்குத் தேக்கிய தண்ணீர், மூடாத தொட்டி, லிஃப்ட் குழி, காலி டிரம். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கு மொட்டைமாடித் தொட்டியும் கிணறும்தான் பிரசவ ஆஸ்பத்திரி. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸுக்கு நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் போதும். அது பகலிலேயே கடிக்கும். ராத்திரி கட்டிலுக்குக் கட்டும் கொசுவலை அதற்கு உதவாது. ஜன்னல் வலை உதவும்.

அதனால் ஜன்னலில் தொங்குவதற்கு ஒரு ஐந்தொகை போட்டுப் பாருங்கள். பழைய புடவை: கண்ணை மறைக்கும், காற்றை விடும், கொசுவையும் விடும். ஒட்டிய பேப்பர்: கொசுவைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும், நீங்கள் செஞ்சி பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவீர்கள். வலை: காற்றை விடும், கொசுவை விடாது, ஆனால் எதிர் வீட்டுக்காரர் பார்ப்பார். ஆக, முதலில் வலை, அதற்கு மேல் அம்மாவின் புடவை. கணக்கு நேராகிவிட்டது! அங்குலத்துக்குப் பதினாறு, பதினெட்டு கண் உள்ள வலையாகப் பார்த்து, ஓரத்தில் வெல்க்ரோ பட்டை ஒட்டினால் வாடகை வீட்டிலும் ஆணி அடிக்காமல் வேலை முடியும். பூப்போட்ட ஸ்கிரீன் துணி அடுத்த பொங்கலுக்கு வரட்டும். அவசரமே இல்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் கோட்டைகள் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே போகும்போது எல்லோரையும் போல நீங்களும் ராஜகிரியில் ஏறுவீர்கள். இறங்கி வந்ததும் கல்யாண மகாலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அடுக்கடுக்காக எழும் சதுரக் கோபுரம். அடுக்குக்கு ஒரு சின்ன அறை. அதைச் சுற்றி வளைவு வளைவாகத் திறந்த தாழ்வாரம். கதவு இல்லை, திரை இல்லை, தட்டி இல்லை. நாயக்கர், பீஜப்பூர்க்காரர், மராத்தியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் என்று வந்தவர்கள் எல்லோரும் தங்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

காற்று மட்டும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பாவம், அதன் மேல்தான் கொலைப்பழி போட்டிருந்தார்கள்.